வெள்ளிக்கிழமைக் கிளச்

கடவுள் எல்லாருக்கும் இரண்டு காது வைத்து அனுப்பினார். கொட்டகலை உஷ் பாஸுக்கு மட்டும் உடம்பு முழுக்கக் காது வைத்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் ஒரு வாயை ஒட்டினார். அந்த வாய் திறந்தால் முதலில் வருவது "உஷ்!" தான். கார் திருத்துகிறவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்போம். இவர் உஷ் பாஸ். சொந்தப் பெயர் என்னவென்று பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து பண்ணும்போது வெட்டிப்போடுகிற மிலாறுக் குச்சி ஒன்று எப்போதும் அவர் கையில் இருக்கும். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறு முனையை இஞ்சினில் வைத்துக் கண்ணை மூடுவார். அப்போது பக்கத்தில் யாரும் இருமக்கூடாது. ஒருமுறை தும்மிவிட்ட லொறிக்காரரைப் பாதைக்கு அனுப்பிவிட்டு, அவருடைய லொறியோடு மட்டும் தனியாக இருந்தார்.

தேர்தல் காலத்தில் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று பஜாரில் கத்திக்கொண்டு வந்தது. பாஸ் நடுப்பாதையில் நின்று "உஷ்!" என்றார். வேன் நின்றது. பொனட்டில் காதை வைத்தார். "நீங்க ஜெயிப்பீங்களான்னு எனக்குத் தெரியாது. ஃபேன் பெல்ட் ஹட்டன் வரைக்கும் தாங்காது" என்றார். தாங்கவில்லை.

கோயிலில் நடந்ததுதான் பெரிய சங்கதி. தீபாராதனை நேரம். மேளம் உச்சத்தில் நிற்கிறது. ஐயர் கற்பூரத்தட்டை உயர்த்துகிறார். பாஸ் கையைத் தூக்கி "உஷ்!" என்றார். மேளக்காரர் பயந்து நிறுத்திவிட்டார். "மேல வளைவுல ஒரு லொறி இறங்குது. பிரேக் ஒட்டித் தேயுது" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். லொறி தப்பியது. ஆனாலும் இனிமேல் வெள்ளிக்கிழமைப் பூசை நேரத்தில் கோயில் பக்கம் வரவேண்டாம் என்று கமிட்டிக்காரர்கள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். பாஸும் சரியென்று வெள்ளிக்கிழமைகளில் கராஜைவிட்டு அசைவதில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறவன். மகள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் தோட்டத்துப் பாதையில் ஓடும் பஸ்ஸில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஏறினால், ஆஸ்பத்திரிக்கு முன்னாலேயே பிள்ளை இறங்கிவிடும். ஆகவே முருகனை வேண்டிக்கொண்டு ஒரு பழைய காரை வாங்கினேன். அவளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதற்குத்தான்.

கார் நன்றாகத்தான் ஓடியது. முதல் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையில் கார் எனக்கு ஒரு சின்னக் கோயில். குளித்து, விபூதி பூசி, டேஷ்போர்டில் இருக்கிற முருகன் படத்துக்குப் பூ வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவேன். அன்றும் அப்படியே வீட்டம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்கு இறக்கத்தில் இறங்கினேன். ரெயில் கேட்டுக்கு மேலே உள்ள வளைவில் கிளச்சை மிதித்தால் பாதிக்கு மேல் இறங்க மாட்டேன் என்றது. கியர் பல்லைக் கடித்தது. ஓரமாக நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் பொனட்டைத் திறந்தேன். உள்ளே இஞ்சின் இருந்தது. மூடினேன். திரும்ப ஏறி மிதித்தால் கிளச் வெண்ணெய் மாதிரி இறங்கியது.

அடுத்த வெள்ளியும் அதே வளைவு, அதே பல்கடி.

"ஃபெக்டரி மெஷினக் காக்கச் சொல்லி ரோதைமுனிக்குப் பூசை போடுறீங்க. இதுக்குப் போட்டீங்களா?" என்றாள் வீட்டம்மா.

போட்டேன். அதற்கடுத்த வெள்ளியும் பல்கடி வந்தது. உஷ் பாஸிடம் கொண்டுபோனேன்.

"எப்ப வருது?"

"வெள்ளிக்கிழமை, பாஸ்."

"அண்ணே, காரு விரதம் இருக்கா?"

அவரே ஓட்டிப்பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து என்னை ஓட்டச்சொன்னார். அதே வளைவில் ஏறினோம், இறங்கினோம். கிளச் நல்லபிள்ளையாக நடந்துகொண்டது. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி ரப்பர் மாற்றினார். வெள்ளிக்கிழமை வந்தது, கோளாறும் வந்தது. கியர்பெட்டியை இறக்கி கிளச் பிளேட்டையே கையில் எடுத்துப் பார்த்தார். "புதுமாப்பிள்ளை மாதிரி இருக்கு. இதுல என்னா குறை?" என்று திரும்ப மாட்டினார். மறுபடியும் வெள்ளிக்கிழமை வந்தது.

அதற்குப்பிறகு பாஸ் எங்கள் காருக்குள் குடியேறிவிட்டார். "காருக்கு என்னா சீக்கோ, அந்த வருத்தம் என் கண்ணு முன்னால வரட்டும்" என்று சொல்லி, மிலாறுக் குச்சியோடு பின்சீட்டில் ஏறிக்கொள்வார். மரக்கறி வாங்கப் போனால் வருவார். பொகவந்தலாவையில் ஒரு சாவீட்டுக்குப் போனோம், அங்கேயும் வந்தார். போகும்போதே ஒப்பாரியை ஆரம்பித்த என் மச்சினியை "உஷ்!" என்று அடக்கினார்.

"ஏண்ணே, மூச்சாவது விடலாமா?" என்றாள் வீட்டம்மா.

"மெதுவா விடுங்க, தங்கச்சி."

எங்கே போனாலும் கிளச் வாயைத் திறக்கவில்லை. இதற்கிடையில் தோட்டத்து மருத்துவிச்சி வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோன்னு தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். வலி வருகிற நாளும் வெள்ளிக்கிழமையாக இருந்தால்? அந்த வளைவில் நின்றுவிட்டால்?

"திரீவீலுக்குச் சொல்லி வச்சிருவோமா?" என்று மெல்லக் கேட்டேன்.

பாஸுக்கு முகம் சுண்டிப்போனது. "அந்தக் குழியில திரீவீல்ல ஏத்துவீங்களா நம்ம புள்ளைய?" என்றார். நம்ம பிள்ளை என்று அவர் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. "நாளைக்கு வெள்ளி. நான் வாறேன்."

"கமிட்டியில..."

"கோயிலுக்கு யாரு வாறா? நான் காருக்கு வாறேன்."

மறுநாள் சாயங்காலப் பூசைக்குப் புறப்பட்டோம். முன்சீட்டில் பாஸ், பின்னால் இரண்டு பெண்களும் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு. இறக்கம். வளைவு. கிளச் பாதியில் நின்றது. கியர் கறகறவென்றது. நான் காரை ஓரத்துக்கு ஒடித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

"உஷ்! ஒருத்தரும் அசையாதீங்க! அண்ணே, கால எடுக்காதீங்க!"

வலக்கால் பிரேக்கில், இடக்கால் கிளச்சில். படத்தில் இருக்கிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது. "மொகத உனே?" என்று, என்ன ஆச்சென்று கேட்டு, கண்டக்டர் தொங்கிக்கொண்டே சிங்களத்தில் கத்தினார். பாஸ் தலையை வெளியே நீட்டி "உஷ்!" என்றார். டிரைவருக்கு ஆளைத் தெரியும்போல, பஸ்ஸின் இஞ்சினையே அணைத்துவிட்டார்.

பாஸ் இறங்கி, சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார். ஈரப்பாதையில் குப்புறப்படுத்து என் காலடியில் தலையை விட்டார். பிறகு மிலாறுக் குச்சியை உள்ளே விட்டு எதையோ நெம்பி இழுத்தார். மீன் பிடித்த மாதிரி தூக்கிக் காட்டினார்.

"இது என்னா?"

"செருப்பு, பாஸ்."

"யாருது?"

"என்னுது."

"கிளச்சுக்கடியில இதுக்கு என்னா வேலை?"

"சாமி படம் இருக்குல்ல, பாஸ். வெள்ளிக்கிழமை கழட்டிக் காலடியில வச்சிருவேன்."

இறக்கத்தில் அது வழுக்கிக்கொண்டு கிளச்சுக்கு அடியில் போயிருக்கிறது. கார் நின்றதும் நான் காலால் துழாவி அதை மாட்டிக்கொண்டு இறங்கி, பதற்றத்தில் செருப்போடேயே திரும்ப ஏறியிருக்கிறேன். மற்ற நாளெல்லாம் செருப்பு காலிலேயே இருந்திருக்கிறது.

"அட என் அண்ணே!" என்றார் பாஸ். "வருத்தத்தக் கால்ல மாட்டிக்கிட்டா பொனட்டுக்குள்ள தேடுனீங்க?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாகியிருந்தது. பாஸ் என் செருப்பு இரண்டையும் தன் மடியில் வைத்துக்கொண்டு கோயில் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. பஜாரில் கேட்டவர்களிடம் "மாஸ்டர் சிலிண்டர்ல ஒரு சின்ன வேலை" என்றே கடைசிவரை சொன்னார். இன்றைக்கு நானே எழுதிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வலி கண்டது. அவசரத்தில் செருப்பே போடாமல் காரை எடுத்தேன். வளைவில் கிளச் இறங்கியது, கியர் விழுந்தது. "முருகா" என்றேன். பஜாரில் பார்த்தால், பாஸ் நடுப்பாதையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பஸ், லொறி, திரீவீல் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறார். எங்கள் கார் வருகிற சத்தம் அவருக்கு மேட்டிலேயே கேட்டிருக்கிறது. ஒரு ஹார்ன்கூட அடிக்கவில்லை. எங்களுக்கு வழி திறந்திருந்தது.

பேரன் பிறந்தான். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பாஸ் வந்தார். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். மகள் அவசரமாக அவன் வாயருகே கையைக் கொண்டுபோனாள். பாஸ் அவளைத் தடுத்துவிட்டுக் குனிந்தார். கண்ணை மூடித் தலையைச் சாய்த்து, இஞ்சினைக் கேட்பது மாதிரியே கேட்டார்.

"ஒரு கோளாறும் இல்ல" என்றார். "அழட்டும்."

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பேரனுக்குப் பின்சீட்டில் பாஸின் மடிதான் இடம். கோயில் வாசல்வரை வழிநெடுக அழுதுகொண்டே வருகிறான். பாஸ் ஒரு தடவைகூட அவனை "உஷ்" என்றதில்லை.