போனை வேறு அறையில் வைத்தவர்

அன்றைக்கு லிஃப்ட்காரர் வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு முடிவோடுதான் நுழைந்தார். செருப்பை வழக்கம்போல மூலைக்கொன்றாக உதறவில்லை. ஜோடியாக வைத்தார். அதைப் பார்த்ததுமே அவர் மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.

லிஃப்ட்காரர் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு வைத்த பெயர். லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் வேலை. மற்றபடி ஒரு திருகாணியைக்கூட அவர் தொட்டதில்லை. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் விடிந்ததும் அவர் போன்தான் அலறும். எந்த மெக்கானிக்கை எங்கே அனுப்புவது என்று சொல்வது அவர் பிழைப்பு. அதையும் ஒழுங்காகச் செய்யமாட்டார். கிழக்கே இருப்பவனை மேற்கே அனுப்புவார், மேற்கே இருப்பவனைக் கிழக்கே. இரண்டு பேரும் நடுவழியில் பாலத்தின்மேல் பார்த்துக் கையசைத்துக்கொள்வார்கள்.

இப்போது சூப்பர்வைசர் நாற்காலி காலி. புகார்களை யார் சீக்கிரம் முடிக்கிறாரோ அவருக்குத்தான் அது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஊரில் பாதி இவர் பொறுப்பு. மீதிப் பாதி பக்கத்து மேஜைக்காரன் பொறுப்பு. நேற்றுச் சேர்ந்தவன், அதற்குள் 'மின்னல்' என்று பெயர் வாங்கிவிட்டான். நாளைக்கு அவன் சூப்பர்வைசரானால், அவன் முன்னால் போய் லீவுக்குக் கைகட்டி நிற்பதா? நினைத்தாலே லிஃப்ட்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் ஒரு பயிற்சியாளரைக் கூட்டி வந்து பேசவிட்டார்கள். வேலையில் முன்னேற என்னென்ன பழக்கம் வேண்டும் என்று அவர் அரைநாள் பேசினார். கஷ்டமான வேலையைக் காலையிலேயே முடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை. போனை வேறு அறையில் வையுங்கள். உங்களுடையது அல்லாத வேலைக்கு முடியாது என்று சொல்லப் பழகுங்கள். கடைசியாகச் சொன்னது லிஃப்ட்காரருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மேனேஜரிடம் சொல்லிப் பார்க்கத் தைரியம் இல்லை. அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நாளையிலேர்ந்து காலையில காய் நறுக்க மாட்டேன், பாத்திரம் தேய்க்க மாட்டேன்," என்றார். "ரூம் கதவைச் சாத்திட்டு உக்காந்து, புகாரைக் குறைக்க ஒரு திட்டம் எழுதப் போறேன். வீடே இடிஞ்சு விழுந்தாலும் தட்டக் கூடாது."

"போன் வந்தா?"

"உன்கிட்டயே இருக்கட்டும். வெளிய வந்து பாத்துக்கறேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவருக்கு இன்னும் அந்த வித்தியாசம் பிடிபடவில்லை.

மறுநாள் வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம். விடியுமுன் குளித்தார். ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி சட்டையைச் செருகிக்கொண்டார். 'உள்ளே வேலை நடக்கிறது' என்று எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுத் தாழ் போட்டார். திட்டத்துக்குத் தலைப்பு வைத்து அடிக்கோடும் போட்டார். முதல் வரியை யோசிக்கக் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து வந்த சத்தம் யோசிக்கிற சத்தமாக இல்லை.

வெளியே போன் அடித்தது. விட்டுவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். கூப்பிட்டவர் விடுவதாக இல்லை. எடுத்தால், ஒரு கட்டடத்துக் காவலாளி, லிஃப்ட் கதவு மூடமாட்டேன் என்கிறது என்று புலம்பினார். அவர்கள் குடியிருப்பு லிஃப்டுக்கும் அதே வியாதி உண்டு. கணவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருநாள் அவளே குனிந்து பார்த்து, கதவடியில் சிக்கியிருந்த கல்லை எடுத்துப் போட்டிருந்தாள்.

"கதவு ஓடுற பள்ளத்துல ஏதாவது சிக்கியிருக்கா பாருங்க," என்றாள். காவலாளி பார்த்தார். பொம்மைக் காரின் சக்கரம் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்ததும் கதவு மூடிக்கொண்டது.

அடுத்து மெக்கானிக்குகள் கூப்பிட்டார்கள். நீங்க இப்ப எங்க இருக்கீங்க என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவர்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கிட்டத்தில் இருந்தவரைக் கிட்டத்துக்கு அனுப்பினாள். மருந்துக்கடைக்குப் போகிறவள் அப்படியே காய்கறியும் வாங்கி வருகிற கணக்குத்தான் அது.

லிஃப்ட்காரர் கன்னத்தில் மேஜை விளிம்பின் தடத்தோடு வெளியே வந்தார். யாராவது கூப்பிட்டார்களா என்றார். கூப்பிட்டார்கள், முடிந்துவிட்டது என்றாள். மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. நல்ல பழக்கம் தொற்றிக்கொண்டால் எல்லாம் தானாக நடக்கும் என்று பயிற்சியாளர் சொன்னது பலித்துவிட்டதாக நினைத்தார். தினமும் அதே தாழ், அதே தலைப்பு, அதே தூக்கம்.

மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். மின்னல் எடுத்துக்கொண்டதில் பாதி நேரத்திலேயே இவர் பக்கத்துப் புகார்கள் முடிந்திருந்தன. லிஃப்ட்காரர் பூரித்துப்போய்த் தம் பழக்கங்களை விளக்க ஆரம்பித்தார்.

"தெரியும்," என்றார் மேனேஜர். "ஒருநாள் காலையில நானே கூப்பிட்டேன். உங்க வீட்டம்மாதான் எடுத்தாங்க. நீங்க உள்ள வேலையா இருக்கீங்கன்னாங்க. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு."

லிஃப்ட்காரர் கன்னத்தில் மேஜைத் தடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார்.

"போஸ்ட் உங்களுக்குத்தான். ஆனா ஒண்ணு. அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுடாதீங்க."

"எதை சார்?"

"போனை வேற ரூம்ல வைக்கிறதை."

வீட்டுக்கு வந்து அசடு வழியச் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டாள். போனை எடுக்கத் தனக்கு ஒன்றும் தடையில்லை என்றாள். "ஆனா ஒரு நேரத்துல ஒரு வேலைதான்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் மின்னலை நினைத்தார். பாத்திரத் தொட்டியையும் நினைத்தார். மின்னலுக்குத் தொட்டி எவ்வளவோ மேல்.

மறுநாள் விடிந்தது. கதவில் அதே தாள். உள்ளே போனோடு அவள். வெளியே, வந்த வைராக்கியத்தை வீணாக்க மனமில்லாமல், சட்டையைச் செருகிக்கொண்டு சூப்பர்வைசர் அடிப்பிடித்த பாத்திரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கதவு கொஞ்சமாகத் திறந்தது.

"ஏங்க, கொஞ்சம் சத்தமில்லாமத் தேய்ங்க. இங்க உங்க வேலையைத்தான் பாத்துட்டிருக்கேன்."