நாற்பத்தாறு முழுப் பேர்

செக்ரோலை மூன்றாம் முறையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு அமிர்தநாதன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். வருடம் முழுக்க வாசித்த புத்தகம் நாற்பத்தாறு. அதில் ஒன்றின் பெயராவது ஞாபகம் வர வேண்டுமே!

அது தோட்டத்தில் வேலையாட்கள் பேர் பதியும் செக்ரோல் அல்ல, அவருடைய சொந்த வாசிப்புச் செக்ரோல். வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் முப்பது வருடமாகக் கணக்கப்பிள்ளையாக இருக்கிறவருக்கு வேறு எப்படி எழுத வரும்? பறித்த கொழுந்து அளவுக்கு இருந்தால் முழுநாள் சம்பளம், அதாவது முழுப் பேர்; குறைந்தால் அரைப் பேர். புத்தகத்துக்கும் அதே சட்டத்தைப் போட்டார். கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டால் முழுப் பேர், நடுவில் தூங்கிவிட்டால் அரைப் பேர். தலைப்புக்கும் எழுதியவன் பேருக்கும் கட்டம் கிடையாது. கொழுந்து எந்தச் செடியில் பறித்தது என்று எந்தக் கணக்கப்பிள்ளை எழுதி வைத்தான்?

ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் வாசகர் வட்டத்தின் ஆண்டு முடிவுக் கூட்டம். ‘இந்த வருடம் நான் வாசித்தவை’ என்று அவர் பேச வேண்டும். இன்றைக்கு வியாழன்.

கண்ணை மூடி யோசித்தார். ஏழாவது புத்தகம் என்ன? குடையைத் தொலைத்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். சரி, பதினாறாவது? அதிலும் ஸ்டேஷன் மாஸ்டர், அதே குடை. முப்பத்திரண்டாவதுக்குப் போனால் அங்கேயும் அந்த மனுஷன் மழையில் நனைந்துகொண்டு நின்றார்.

அமிர்தநாதன் செக்ரோலை மூடினார். அவருடைய அப்பாவும் அதே தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான். அறுபது வயதில், செத்துப்போனவர்களின் பேரை எல்லாம் சொல்லிக் கூப்பிட்டு, வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டைத் தனியாக நடத்தினார். அதற்குப் பிறகு பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டார். அமிர்தநாதனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

“றோசலின்!” என்று மனைவியைக் கூப்பிட்டார். “ஈஸ்டருக்கு ஒனக்கு ஒரு கத சொன்னேனே, என்ன கத அது?”

“ஸ்டேசன் மாஸ்டர் கொடைய தொலைச்ச கத.”

“அது தவக்காலத்துல சொன்னதுல்ல?”

“தவக்காலத்துலயும் அதான் சொன்னீங்க. மாதா திருநாளுக்கும் அதான். வயசாயிருச்சு பாவம்னு நானும் மொதத் தடவ கேக்குற மாதிரியே கேட்டுக்கிட்டிருந்தேன்.”

சொல்லிவிட்டு றோசலின் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மாமனாரைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவள் அவள்தான். அந்த வியாழனிலிருந்து இவருக்கு மூன்று வேளையும் வல்லாரை: காலையில் கஞ்சி, மத்தியானம் சம்பல், சாயந்தரம் பச்சைச் சாறு. ஞாபகம் வரவில்லை, வயிறுதான் போனது. வெள்ளிக்கிழமை பெரட்டுக்களத்துக்கு அவர் வந்ததைவிட அங்கிருந்து ஓடியதே அதிகம்.

அன்று பின்னேரம் பஸ் பிடித்துக் கொட்டகலைக்குப் போனார். வாசகர் வட்டத்தின் செயலாளர் ஜூலியன் மாஸ்டர், பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை எண்ணிக்கொண்டிருந்தார். ஜனவரியில் வாசிப்புச் சத்தியம் எடுத்த எல்லாருக்கும் ஆளுக்கொரு பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்து இந்த வம்பை ஆரம்பித்து வைத்தவர் அவர்தான்.

“மாஸ்டர், என்னால பேச ஏலாது. வேற யாரையாச்சும் போட்டுக்கங்க.”

“என்னண்ணே, நாப்பத்தாறு புஸ்தகம் படிச்சவரு பேசாம வேற யாரு பேசுறது?”

“படிச்சதெல்லாம் மறந்துருச்சு மாஸ்டர். சத்தியமா ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

ஜூலியன் மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். “நெறயப் படிச்சவங்க இப்பிடித்தான் சொல்லுவாங்க! ஆகஸ்ட் கூட்டத்துல என்ன சொன்னீங்க? ‘இப்ப எழுதுறவங்க எல்லாருமே ஒரே மாதிரித்தான் எழுதுறாங்க’ன்னீங்களே, என்ன பார்வை அது! நா அத நோட்டீஸ்லயே அடிச்சிட்டேன். பத்து நிமிசம் பத்தாது, அர மணித்தியாலம் எடுத்துக்கங்க. ஆண்டின் சிறந்த வாசகர்னு பொன்னாடையும் ஒங்களுக்குத்தான்.”

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு அமிர்தநாதன் வீடு திரும்பினார்.

மிச்சம் இருந்தது சனிக்கிழமை மட்டும். அன்று காலை தோட்டத்து ஆபீஸ் கூட்டுகிற வேலாயி வழக்கம்போல வந்து நின்றாள். வாராவாரம் கொட்டகலையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிறவள் அவள். வாசித்து முடித்த புத்தகத்தை டவுன் வாசகசாலையில் கொடுத்து வேறொன்று வாங்கி வருவது அவள் பொறுப்பு. திங்கட்கிழமை பெரட்டு முடிந்ததும் மழைக்கு நனையாமல் புதிய பேப்பர் கவர் போட்ட புத்தகம் மேசைக்கு வந்துவிடும். முன்னட்டை இருக்காது, முதல் பக்கங்கள் இருக்காது. ஓசிப் புத்தகத்துக்கு அட்டை ஒரு கேடா என்று அவரும் கேட்டதில்லை.

“அய்யா, இந்தத் தடவ எப்பிடிங்க இருந்திச்சு?” என்று கேட்டாள். எல்லா வாரமும் கேட்பாள். “போனதுக்கு இது தேவல” என்று அவரும் எல்லா வாரமும் சொல்லுவார். இன்றைக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுச் செக்ரோலைப் புரட்டப் போய்விட்டார். அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மத்தியானம் முழுக்க மண்டையைக் கசக்கியதில், ஸ்டேஷன் மாஸ்டர் இல்லாத ஒரு கதை கடைசியில் தட்டுப்பட்டது. கண்ணியமான ஒரு பெரியவர், ஐந்து பிள்ளைகள், துக்கமான முடிவு. தப்பித்தோம் என்று சிலுவை போட்டுக்கொண்டு அதைத் துண்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் றோசலின் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். வேலாயி மகள் வீட்டிலிருந்து நேராக வந்து, கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு பனிஸ் தின்றாள். பொன்னாடையைப் போர்த்தி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள்.

“இந்த வருஷம் என்னை உலுக்கிய கதாநாயகன்,” என்று அமிர்தநாதன் துண்டைப் பார்த்து ஆரம்பித்தார், “எழுபத்திரண்டு வயதுப் பெரியவர். ஐந்து பிள்ளைகளின் பாசமிகு தகப்பன். முடிவில் பூதவுடல் பிற்பகல் மூன்று மணிக்கு நல்லடக்கத்துக்காக...”

“அது எங்க மாமனாருங்க!” என்று நடுவரிசையில் ஒருத்தர் எழுந்துவிட்டார். “பேப்பர்ல நாங்க போட்ட மரண அறிவித்தலு!”

மண்டபம் சிரித்தது. அமிர்தநாதன் அவசரமாக இரண்டாவது புத்தகத்துக்குத் தாவினார். வாயைத் திறந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார். மூன்றாவதில் அந்தக் குடை வந்தது. நான்காவதில், பிளாட்பாரத்தில் நனைந்துகொண்டு அதே மனுஷன் அழுதார்.

“அண்ணே, இது மொதல்ல சொன்னதுதான்” என்று ஜூலியன் மாஸ்டர் காதுக்குள் சொன்னார்.

அதற்கு மேல் அமிர்தநாதனால் முடியவில்லை. பொன்னாடையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மன்னிச்சுக்கங்க. எனக்குப் புத்தி போயிருச்சு. நாப்பத்தாறு புஸ்தகம் படிச்சும் ஒரு கததான் மண்டையில நிக்குது. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் ஆரம்பிச்சிச்சு. நாளைக்கே தொரைகிட்ட வேலைய எழுதிக் குடுத்துர்றேன். றோசலின், ஒன்னையும் ஒருநாள் யாருன்னு கேப்பேன். அப்ப கோவிச்சுக்காத.”

மேடையிலேயே உட்கார்ந்து அழுதார். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செபமாலை கையிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் றோசலின் மேடைக்கு ஓடினாள்.

அப்போதுதான் கடைசி வரிசையில் வேலாயி எழுந்தாள். பையிலிருந்து, நாளைக்குக் கொடுப்பதற்காக நேற்றுப் பேப்பர் போட்டு வைத்திருந்த புத்தகத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

“அழுவாதீங்கய்யா, கார்டு இல்லாம புஸ்தகம் குடுக்க மாட்டோம்னு அந்த வாசகசாலையில மொத வாரமே வெரட்டிட்டாங்க, நீங்க வைவீங்கன்னு பயந்துக்கிட்டு, வருசம் பூரா இந்த ஒரே புஸ்தகத்துக்குத்தான் பேப்பர மாத்தி மாத்திப் போட்டுக் குடுத்தேன்!”