ஒன்பது மணிக்குள் ஏழு கம்ப்யூட்டர்

ஒரே ஒரு என்டர் தட்டி ஏழு கம்ப்யூட்டர்களைக் கொன்றவன் நான். அதுவும் நல்ல நேரம் பார்த்து.

இரண்டாயிரத்துச் சொச்சம். செங்கம் ரோட்டில் அக்கா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் இலாகா என்னுடையது. (யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.) எலும்பும் தோலுமான ஒரு லினக்ஸைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டிருந்தேன். அதில் எந்த மென்பொருளையும் நாமே கம்பைல் செய்து சமைத்துக்கொள்ள வேண்டும். முன்பக்கம் இருந்த ஏழும் கிழட்டு மெஷின்கள். ஒன்றைச் சமைக்கவே பொழுது போய்விடும். அதனால் பின்னறைப் புது மெஷினில் எல்லாவற்றையும் சமைத்து, பொட்டலம் கட்டி வைப்பேன். ஏழும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கிடங்குக்கு ரெபாசிட்டரி என்று பெயர். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பிளஸ் டூ ரிசல்ட் ஒரு சனிக்கிழமை வந்தது. அக்கா மகள் கவிதாவும் எழுதியிருந்தாள். அவள் மார்க்கை எங்கள் கடையில்தான் பார்ப்போம் என்று அக்கா ஒரு மாதமாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பிரவுசர் பறக்கட்டுமே என்று, எல்லாப் பொட்டலத்தையும் முந்தின நாளே பின்னறை மெஷினின் புது பிராசஸருக்குத் தோதாகச் சமைத்தேன். பழையதெல்லாம் இடத்தை அடைக்கிறது என்று அழித்தும் விட்டேன். (கெட்டிக்காரன்!)

காலையில், முதலில் ஒரு மெஷினில் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அக்கா ஊதுவத்தியோடு வந்தாள்.

"ஒம்போதுக்கு ராகு காலம்டா. அஞ்சு நிமிஷம்தான் கீது. ஒண்ணொண்ணா போட்டுனு இருக்காத, மொத்தமா போட்டுடு!"

போட்டேன்.

ஏழு திரையிலும் ஒரே வரி: இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். புது பிராசஸருக்குச் சமைத்தது கிழடுகளுக்குச் செரிக்கவில்லை! எதைத் தட்டினாலும் அதே வரி. அணைக்கச் சொன்னாலும் அதே வரி. இன்டர்நெட் லைனும் அந்த ஏழில் ஒன்றின் வழியாகத்தான் வந்தது. ஆக, பின்னறை மெஷினும் ஊமை.

"இல்லீகலா? இன்னாடா பண்ணி வெச்ச? போலீஸ் வருமா?" அக்கா ஊதுவத்தியோடு வாசலை எட்டிப் பார்த்தாள்.

பத்து மணிக்கு வாசலில் கூட்டம். "சர்வர் பிஸி" என்று வாய் கூசாமல் சொன்னேன். "எதிர்க்கடையில வருதுங்க" என்றான் ஒருவன். அவ்வளவுதான், அத்தனை பேரும் ரோட்டைத் தாண்டிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் கவிதாவையும் காணோம்!

கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க வந்தாள். "ஆயிரத்து எம்பது மாமா! எதிர்க்கடை அண்ணன் சாக்லேட்கூட குடுத்தாரு."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அவமானம்தான் ஜாஸ்தி.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் அவன் அக்கா என்பது எங்கள் வழக்கம். கெட்டிமேளம் முழங்க, "முகூர்த்தம் முடியப்போறது, சீக்கிரம்" என்று ஐயர் அவசரப்படுத்தினார். அக்கா என் காதருகே குனிந்தாள்.

"பதறாதடா. நீ ஒண்ணு போடு. வேல செய்யுதான்னு பாத்துட்டு மீதி ரெண்ட நான் போடறேன்."

கல்யாண வீடியோவில் அப்போது நான் முழித்த முழியை, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் என் மனைவி இன்றைக்கும் நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறாள்.