வெள்ளையில் எழுதிய பெயர்

1999-இல் தைப்பூசம் முடிந்த கையோடு நான் ஒரு முடிவெடுத்தேன். இனி என் பெயர் மலாக்கா முழுக்கத் தெரிய வேண்டும். குறைந்தது நாங்கள் குடியிருக்கும் புக்கிட் காத்திலைத் தாண்டியாவது.

காரணம் இருக்கிறது. என் மனைவி கோமளா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறாள். அண்டா தூக்குவது நான். வேன் ஓட்டுவது நான். வாழை இலை துடைப்பதும் நான். சாப்பிட்டு ஏப்பம் விடுகிறவர்கள் மட்டும், "கோமளாக்கா கைமணமே தனி" என்கிறார்கள். பத்து வருஷமாக என் கைக்கு மணமே கிடையாது.

டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மருதமுத்து எங்கள் சமையலுக்கு ஓர் இணையப் பக்கம் செய்து தந்தான்.

"அண்ணே, ஒரு வேல இருக்கு. வெள்ளத் திரையில வெள்ள எழுத்துல எழுதிட்டா, பாக்குற ஆளுக்குத் தெரியாது. தேடிக் குடுக்குற மிஷின் மட்டும் படிச்சிரும். கல்யாணம், மலாக்கா, சைவம்னு நூறு தடவ போட்டு வெச்சா நம்ம பக்கம்தான் மொதல்ல வரும்லா."

"பொண்டாட்டிக்கும் தெரியாதா?"

"யாருக்குமே தெரியாதுண்ணே."

அப்படியானால் சரி. மேலே, கண்ணுக்குத் தெரியும்படி, 'கோமளா கல்யாணச் சமையல்'. கீழே வெள்ளையில் மருதமுத்துவின் நூறு சொற்கள். அவற்றோடு நான் சொல்லிப் போட்டது: 'தலைமைச் சமையல்காரர் சிவசாமி. வெங்காயம் உரிக்க அவர் மனைவி உதவுவார்.'

கோமளா வந்து பார்த்தாள்.

"ஏங்க, கீழ ஏன் இவ்ளோ எடம் காலியா கெடக்கு?"

"காத்தோட்டத்துக்கு."

அவள் மேலே கேட்கவில்லை. கல்யாணமானதிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் வெற்றி.

மூன்றாம் வாரம் ஃபோன் அடித்தது. மெர்லிமாவிலிருந்து ராமையா என்பவர். மகள் கல்யாணமாம், ஐந்நூறு பேராம். கோமளாதான் எடுத்தாள்.

"இன்டர்நெட்ல பாத்தீங்களா? என்ன போட்டிருக்கு, படிங்க."

கேட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். மிஷின் படித்ததோடு நிற்கவில்லை. தேடியவருக்கு அதில் இரண்டு வரியை எடுத்துக் காட்டியும்விட்டது. மருதமுத்து இதைச் சொல்லவே இல்லை.

"வெங்காயம் உரிக்கிற சம்சாரம்தாங்க பேசுறேன். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாங்க. தலைமைச் சமையல்காரர் கையாலயே சாப்பிட்டுப் பாருங்க."

ஞாயிறு காலை அடுப்படியில் நான் தனியாக நின்றேன்.

"கோமளா, சாம்பாருக்குப் பருப்பு எவ்ளோ?"

"எனக்கு என்னங்க தெரியும்? நான் வெங்காயம் உரிச்சு வெச்சிட்டேன்லா."

இந்தக் கல்யாணம் கிடைத்தால் அடுத்தது வரும். அதற்கடுத்ததும் வரும். நான் வாரநாளில் பார்க்கும் ஃபேக்டரி ஷிப்ட்டை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் ஷிப்ட்தான். நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது. சாம்பார் ரசமானது. ரசம் வெந்நீரானது. பதினொரு மணிக்குக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"தாயே, முடியல."

"நகருங்க."

ஒரு மணிக்கு ராமையா மூன்றாம் தடவை சாம்பார் வாங்கினார். அங்கேயே தேதியும் குறித்துக் கொடுத்தார். மறுவாரம் பெம்பானிலிருந்து இன்னொரு கல்யாணம் வந்தது. ஷிப்ட்டை விட்டுவிடலாம் என்று எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அன்று கோமளா சொன்னாள். "நீங்களும் பாடுபடுறீங்க. இன்டர்நெட் பக்கத்துல உங்க பேரும் இருக்கட்டும்னு மருதமுத்து தம்பிகிட்ட சொல்லிப் போட வெச்சிட்டேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்கு, மருதமுத்து கடைக்குப் பறந்தேன். திரையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை பார்த்தேன்.

"என் பேரு எங்கடா?"

"இருக்குண்ணே. மௌஸ அமுக்கிக் கீழ வரைக்கும் இழுங்க."

இழுத்தேன். காற்றோட்டத்துக்கு விட்ட இடத்தில் நீலப் பட்டை விழுந்து, அதற்குள் வெள்ளை எழுத்து தெரிந்தது: 'வெங்காயம் உரிக்க: சிவசாமி.'