கவனம் கலையாத கொழுந்தன்

உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு, தரையில் உட்கார்ந்து தையல் மிஷின் மிதிக்கும் உங்கள் மனைவி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தம்பியும் சுகம். அங்கு தாங்களும் தங்கள் கிரேனும் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்பீர்கள். போன் என்றால் பாதியில் கட் பண்ணிவிடுவீர்கள். கடிதத்தைக் கிழிக்கத்தான் முடியும், எதற்குக் கிழிக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அதையும் படித்தாக வேண்டும்.

முதலில் ஒன்றை வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் வலிக்கு எலும்பு டாக்டரிடம் தினமும் போவதாகச் சொன்னேன் அல்லவா, அது பொய். அன்னைக்கு நீங்க போன் பண்ணப்போ பின்னால டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. "என்னடி அது?"ன்னு பதறுனீங்க. "டாக்டர் எலும்ப நிமித்துறாருங்க"ன்னு சொன்னேன். "மெதுவா நிமித்தச் சொல்லுடி"ன்னு உங்களுக்குக் குரல் தழுதழுத்துப் போச்சு. அது எலும்பு இல்லைங்க, பில்லியர்ட்ஸ் பந்து. நான் உட்கார்ந்திருந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மாடியில இருக்குற பில்லியர்ட்ஸ் ஹால்ல. என் முழங்கால் கல்லு மாதிரி இருக்கு. நான்தான் நல்லா இல்ல. அங்க நடந்ததைப் பார்த்த அதிர்ச்சியில ரெண்டு நாளா ஊசியில நூல் கோக்க முடியாம, காதுல போட வேண்டிய நூலைக் காத்துல போட்டுக்கிட்டு இருக்கேன்.

விஷயத்துக்கு வரேன். உங்க தம்பி பகல்ல ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றான், மிச்ச நேரத்துல அந்த ஹால்ல குச்சியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், இது உங்களுக்குத் தெரிஞ்சதுதான். உங்களுக்குத் தெரியாதது என்னன்னா, பூட்டு கம்பெனிக்காரங்க அவங்க பில்லியர்ட்ஸ் டீமுக்கு வருஷத்துக்கு ஒரு ஆள் எடுக்குறாங்க. போட்டியில ஜெயிச்சவனுக்கு கம்பெனியிலயே நிரந்தர வேலை. இவனுக்கு வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது, இப்ப விட்டா ஆயுசுக்கும் ஃப்ரிட்ஜுக்குள்ளதான் தலை. போன வருஷமே வேலை கைக்கு வந்திருக்க வேண்டியது. கடைசிக் கறுப்புப் பந்து குழி வாசல்ல நிக்குது, பக்கத்துல நின்னு பெருமூச்சு விட்டாலே விழுந்திருக்கும். எவனோ தும்மினான். உங்க தம்பி "யாரு அது?"ன்னு திரும்பிப் பார்த்துக்கிட்டே அடிச்சான். கறுப்புப் பந்து நின்னுச்சு, விழவே கூடாத வெள்ளைப் பந்து விழுந்துச்சு, வேலை போச்சு. அன்னையிலேர்ந்து ஹால்ல அவன் பேரே தும்மல்தான்.

அதனால இந்த வருஷம் பயிற்சின்னு கிளம்பிட்டான். சாதாரணப் பயிற்சி இல்லைங்க. நம்ம சாப்பாட்டு மேஜையில காலி பாட்டிலைப் படுக்கப் போட்டு, அதோட வாய்க்குள்ள குச்சி நுனி போய்ப் போய் வரணும், கண்ணாடியில படக் கூடாது. 'டிங்'குன்னு சத்தம் வந்தா முதல்லேர்ந்து. ஹால்ல பந்தை எல்லாம் மேஜைக்குக் குறுக்கே வரிசையா நிறுத்தி ஒவ்வொண்ணாக் குழியில தள்ளணும், ஒண்ணு தவறினாலும் விழுந்ததை எல்லாம் வெளிய எடுத்து மறுபடி அடுக்கணும். அப்புறம் வெள்ளைப் பந்தை மட்டும் வச்சு நேரா அந்தக் கோடிக்கு அடிக்கணும், அது சுவர்ல பட்டுத் திரும்பி வந்து இவன் குச்சி நுனியிலயே முட்டணும். யாரும் இல்லாதப்போ எல்லாம் அழகா வருது. பக்கத்து மேஜையில ஒருத்தன் சிரிச்சாப் போச்சு, ஒரு போன் அடிச்சாப் போச்சு, ஃபேன் கொஞ்சம் கிறீச்சுன்னாலும் அண்ணாந்து பார்க்குறான்.

ஹால்காரரை உங்களுக்குத் தெரியும், வருஷா வருஷம் என்கிட்ட பேன்ட் இடுப்பைப் பிரிச்சு விடக் கொடுப்பாரே, அவர்தான் வழி சொல்லியிருக்கார். "தும்மலு, உன் கையில குறையில்ல, உன் கவனம்தான் ஊர் சுத்துது. நீ அடிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து தொணதொணன்னு பேசுறதுக்கு ஒரு ஆளைப் பிடி. அந்தப் பேச்சுலயும் பந்து விழுந்தா நீ தேறிட்டன்னு அர்த்தம்." உங்க தம்பி ஒரு நிமிஷம்கூட யோசிக்கலையாம். நேரா வீட்டுக்கு வந்து என் முன்னால கையைக் கூப்பிக்கிட்டு நிக்கிறான். "அண்ணி, ஒரு உதவி. தினமும் ஹாலுக்கு வந்து என்னைக் கேவலமாப் பேசணும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளா நான் சும்மா செஞ்சுக்கிட்டு இருந்த வேலையை, ஒருத்தன் தேடி வந்து கேட்டு வாங்கிக்கிறான்னா, கொடுப்பினை இல்லையா?

போனேன். ஓரம் அடிக்க வேண்டிய துணியை மடியில போட்டுக்கிட்டு, மேஜை பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவன் குனிஞ்சான். "டேய் தம்பி, குச்சியப் பிடிக்கிறியா, ஒட்டடை அடிக்கிறியா?"ன்னேன். பந்து ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம். "அண்ணி, குனிஞ்ச உடனேவா?" "பின்ன, மனு போட்டுட்டா பேசுவாங்க? அடிடா." அடுத்ததுக்குக் குனிஞ்சான். "நீ ரிப்பேர் பண்ண ஃப்ரிட்ஜுல பச்சைப் பாலை வச்சாங்களாம், காலையில ஆடை கட்டியிருந்துச்சாம்." போச்சு. அந்த வாரம் முழுக்க உங்க தம்பி ஒரு வரிசைகூட முடிக்கல. மத்த மேஜைக்காரங்க ஆட்டத்தை விட்டுட்டு என்னைச் சுத்தி உட்கார ஆரம்பிச்சுட்டாங்க. டீ தானா வந்துச்சு. ஸ்டூல் போய் சாய்வு நாற்காலி வந்துச்சு. எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுத்துல எழுத முடியாது.

அதுக்கப்புறம்தாங்க முதல் இடி. ஒரு நாள் ஒட்டடையைச் சொன்னேன், பந்து விழுந்துச்சு. பாலைச் சொன்னேன், விழுந்துச்சு. அவன் நடை, அவன் மீசை, அவன் குளியலறையில பாடுற பாட்டு, ஒண்ணையும் விடல, எல்லாத்துக்கும் விழுந்துச்சு. வரிசை முடிஞ்சு போச்சு. "அவ்வளவுதானா அண்ணி?"ங்குறான். நான் வாயைத் திறந்து ஒருத்தன் அசையாம நின்னது என் பொறப்புல அதுதான் முதல் தடவை. சரக்கு தீர்ந்து போச்சுங்க. கடையை மூட முடியுமா? சுத்தி இத்தனை பேரு உட்கார்ந்திருக்காங்க. அப்பதான், தயவு செஞ்சு இந்த இடத்துல கடிதத்தைக் கசக்கிறாதீங்க, உங்க கதையை எடுக்க வேண்டியதாப் போச்சு.

முதல்ல கரப்பான்பூச்சி. அத்தனை உயரத்துல கிரேன்ல உட்கார்றவர், நம்ம சமையலறையில ஒரு கரப்பான்பூச்சி மீசையை ஆட்டினதுக்கு அரிசி டப்பா மேல ஏறி நின்னு "அடியேய், போயிடுச்சா?"ன்னு கேட்டதைச் சொன்னேன். உங்க தம்பி குச்சி ஆடுச்சு, ஆனா பந்து விழுந்துருச்சு. அப்புறம் செங்கல்லை எடுத்தேன். நான் உங்களைவிட உயரம்னு கல்யாண போட்டோவுல நீங்க செங்கல் மேல நின்னீங்களே, அது. அந்தச் செங்கல்லைத் தூக்கிக்கிட்டு வந்து உங்க காலடியில வச்சதே அரை டவுசர் போட்டிருந்த இவன்தானே! மேஜை மேலயே விழுந்து சிரிச்சான். நல்லவேளை மேஜை மேல இழுத்து ஒட்டியிருக்குற பச்சைத் துணி கிழியல, கிழிஞ்சிருந்தா என் தலையிலதான் விடிஞ்சிருக்கும். செங்கல் நமக்குக் கொஞ்ச நாள் தாங்குச்சு. அப்புறம் செங்கல்லையும் ஜீரணம் பண்ணிட்டான். நான் பேசப் பேச, பந்து ஒண்ணு பின்னால ஒண்ணா, கூலி வாங்கப் போற மாதிரி வரிசையாப் போய்க் குழியில விழுது.

போட்டி நாள் வந்துச்சு. ஹாலைப் பெருக்கித் துடைச்சு நாற்காலி போட்டிருந்தாங்க. கம்பெனி மேனேஜர் கோட்டு போட்டுக்கிட்டு வந்து நடுவில நின்னார். "ஆட்டம் முடியுற வரைக்கும் யாரும் பேசக் கூடாது"ன்னார். ஊருக்கே பொதுவாச் சொன்னார், ஆனா ஹால்ல இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. எதிராளி ஒரு பேங்க் கேஷியர், ஊமைக்கோட்டான். மூச்சு விடுறானான்னுகூட சட்டைப் பித்தானைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். யாரு முதல்ல மூணு ஆட்டம் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு வேலை.

உங்க தம்பி குனிஞ்சான். குறி பார்க்குறான்னு நினைச்சேன். பார்த்தான், பார்த்தான், பார்த்துக்கிட்டே இருந்தான். நிமிர்ந்தான். குச்சி நுனியில நீலச் சாக்பீஸைத் தேய்ச்சான். மறுபடி குனிஞ்சான். அப்புறம் மெதுவாத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான் பாருங்க, பள்ளிக்கூட வாசல்ல விட்டுட்டு வந்த பிள்ளை பார்க்குற மாதிரி. கை ஓடல. கண்ணை மூடிக்கிட்டு அடிச்சாலும் விழுற பந்து, விழல. முதல் ஆட்டம் போச்சு. ரெண்டாவதும் போச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. நாங்க கவனத்தைக் கலைக்கிறதா நினைச்சு இத்தனை நாளும் பழக்கினது வேற. தையல் மிஷினுக்கு மிதி மாதிரி ஆயிட்டேங்க நான். மிதிச்சாத்தான் ஊசி ஓடும். சத்தமே இல்லாத இடத்துல அவனுக்குக் கையே வரல!

எப்படிங்க சும்மா இருக்க முடியும்? "டே..."ன்னுதான் ஆரம்பிச்சேன். மேனேஜர் விரலை நீட்டினார். "அம்மா, இன்னொரு எழுத்து வந்துச்சு, ஆட்டம் கேஷியருக்கு." மடியில இருந்த துணியை எடுத்து வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டேன். ஹால்காரரோட பேன்ட்டு அது, ஒரு கால் முழுக்க உள்ள போச்சு.

மூணாவது ஆட்டம். உங்க தம்பி குனியிறான். ஹால்ல ஊசி விழுந்தாக் கேக்கும், என் மடியிலேர்ந்து ஒண்ணு விழுந்துச்சு, கேட்டுச்சு. அப்போ ஒரு குரல். "டேய் தம்பி, குச்சியப் பிடிக்கிறியா, ஒட்டடை அடிக்கிறியா?" என் குரல்! அதே இழுவை, அதே ராகம். பதறிப் போய் வாயைத் தொட்டுப் பார்த்தேன், பேன்ட்டுக் கால் இருந்த இடத்துலயே இருக்கு. பேசுறது அவனுங்க. தன்னைத்தானே பேசிக்கிறான். டக்குன்னு பந்து விழுந்துச்சு. "ஃப்ரிட்ஜுல வச்ச பாலு ஆடை கட்டுச்சாம்ல?" அடுத்தது விழுந்துச்சு. ஊமைக்கோட்டானுக்கு அப்பதான் வாய் திறந்துச்சு. "சார், அவர் பேசுறார் சார்." மேனேஜர் சட்டப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார், மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடி புரட்டினார். "பார்க்க வந்தவங்கதான் பேசக் கூடாது. அவர் அவரையே திட்டிக்கிறார். அதுக்குத் தடை ஒண்ணும் போடலையே."

மூணாவது ஆட்டம் நமக்கு. நாலாவதும் நமக்கு. அஞ்சாவதுல பாதியில அவன் சரக்கும் தீர்ந்து போச்சுங்க. எனக்குப் புரிஞ்சு போச்சு, அடுத்து என்ன வரும்னு. வாயில பேன்ட்டோட வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டுறேன். பார்த்தாத்தானே? கரப்பான்பூச்சி வந்துச்சு. மேனேஜர் புத்தகத்தைக் கீழ வச்சார். அரிசி டப்பா வந்துச்சு. மேஜையில மிச்சம் கறுப்புப் பந்து ஒண்ணுதான். நிரந்தர வேலை அந்தக் குழி வாசல்ல உட்கார்ந்திருக்கு. உங்க தம்பி குனிஞ்சு, ஊர் அறிய, என் குரல்ல சொல்றான்: "உங்க அண்ணன் கல்யாண போட்டோவுல எதுமேல நின்னாருடா?" உங்க மானமும் கறுப்புப் பந்தும் ஒண்ணாக் குழியில விழுந்துச்சுங்க.

மேனேஜர் கண்ணுல தண்ணி வர சிரிச்சுக்கிட்டே அவன் கையைக் குலுக்கினார். "எத்தனை செங்கல்லுப்பா?" "ஒண்ணுதான் சார்." "ஒரு செங்கல்லு என்ன உயரம் வந்துரப் போகுது?" "நிக்க வச்ச வாக்குல சார்." இதை அவன் சொல்லியிருக்க வேண்டாம்தான். நானே அவ்வளவு தூரம் போகல.

ஆக, வேலை கிடைச்ச மாதிரிதான். கம்பெனி டாக்டர்கிட்ட உடம்பைக் காட்டிட்டு வரணும், அது சும்மா பேருக்குன்னு மேனேஜரே சொல்லிட்டார். தம்பி இப்ப அங்கதான் போயிருக்கான். இனி அவனைப் பத்தி உங்களுக்கு ஒரு கவலையும் வேண்டாம். தலைக்கு மேல இடி விழுந்தாலும் உங்க தம்பி கவனம் கலையாது, அது என் வாயால வந்த வரம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடவும். கிரேனில் ஏறும்போது பெல்ட்டை இறுக்கிப் போட்டுக்கொள்ளவும். கோபம் வந்தால் இறங்கி வந்து படவும், மேலே இருந்து பட வேண்டாம். தங்களுக்கு நீண்ட ஆயுளும், குறைந்த ஞாபக சக்தியும் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மனைவி.

பின்குறிப்பு: கவரை ஒட்டுறதுக்குள்ள தம்பி டாக்டர்கிட்ட இருந்து வந்துட்டான். கண்ணு, ரத்தம், நெஞ்சு எல்லாம் சரியா இருக்காம். ரெண்டு காதும் சுத்தமாக் கேக்கலைன்னு எழுதி, வேலையை நிறுத்தி வச்சுட்டாங்க. என்னடா நடந்துச்சுன்னு கேட்டேன். சின்ன ரூமுக்குள்ள உட்கார வச்சு, கதவைச் சாத்தி, காதுல ஹெட்போன் மாட்டினாங்களாம். "அப்புறம் டொய்ங் டொய்ங்னு விதவிதமா சத்தம் விட்டு என்னைக் கலைக்கப் பார்த்தாங்க அண்ணி. நான் அசையவே இல்ல"ங்குறான். சத்தம் கேட்டா கையைத் தூக்கணும்னு உன்கிட்ட யாரும் சொல்லலையான்னு கேட்டேன். நர்ஸம்மா பக்கத்துல நின்னு ஏதோ சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்களாம். அதையும் அவன் காதுல வாங்கிக்கலையாம்.