ஈரமானிக் காக்காவும் என் வீட்டு முழுப்பலகையும்

கல்முனையில் மரத்தை நம்பாத ஒரே மனிதர் ஈரமானிக் காக்காதான். மனிதர்களை உடனே நம்பிவிடுவார். ஒரு கதவு தன்னைக் காய்ந்த மரம் என்று காட்டிக்கொண்டால் மட்டும் நம்பவே மாட்டார்.

அவர் என் மனைவியின் ராத்தாவுடைய, அதாவது அக்காவுடைய, கணவர். இரண்டு வீடும் ஒரே வளவு. நடுவில் மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. கட்டாரில் இருபது வருடம் ஹோட்டல்களுக்குப் பலகைத் தரை பதித்துவிட்டு ஊர் திரும்பினார். மற்றவர்கள் அத்தரும் கம்பளியும் கொண்டு வந்தார்கள். இவர் கொண்டு வந்தது மரத்தின் ஈரத்தை அளக்கும் ஒரு கருவி. கைபேசி அளவுதான், நுனியில் இரண்டு ஊசிகள். மரத்தில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று எண் காட்டும். ஈரமானி என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

முடிவெட்டப் போனால் நாற்காலியின் கையைக் குத்துவார். டொக்டரிடம் போனால் மேசையைக் குத்துவார். வந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லுவார். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டாரோடு சீதன வீட்டைப் பார்க்கப் போனவர், புது வாசற்கதவைக் குத்திவிட்டு, "இந்த ஊட்டுல ஈரம் இரிக்கி" என்று சபையில் அறிவித்தார். பெண்ணின் வாப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. இரண்டு பேர் காக்காவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். அடுத்த மாரியில் அந்தக் கதவு வீங்கி இறுகிக்கொண்டது. புது மாப்பிள்ளை ஜன்னலால் ஏறி வீட்டுக்குள் போனார். அன்றிலிருந்து காக்காவின் சொல்லுக்குத் தெருவில் தனி மதிப்பு.

எனக்கு வயிறு எரிந்தது அதற்காகத்தான். நான் பாடசாலையில் முப்பது வருடம் படிப்பித்தவன். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டில் பல்ப் எரியாவிட்டாலும் என் மனைவி மதில் கதவைத்தான் பார்ப்பாள். போதாததற்கு அவர் வீட்டு மண்டபத்தில் தேன் நிறத்தில் பலகைத் தரை. வருகிறவர்கள் எல்லாம் குனிந்து தடவிப் பார்ப்பார்கள். என் வீட்டுத் தரையை அத்தனை நெருக்கமாகப் பார்த்தவர், அதில் வழுக்கி விழுந்த என் மாமி மட்டும்தான்.

மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. எங்கள் மண்டபத்துக்கும் பலகை போடுவது என்று முடிவெடுத்தேன்.

"மச்சானிட்ட ஒருக்கா கேளுங்க" என்றாள் மனைவி.

கேட்டேன். காக்கா தரையில் கையை வைத்துப் பார்த்தார். "தம்பி, இது கடக்கரை. மாரியில காத்தே தண்ணிதான். முழுப்பலகை அந்த ஈரத்த இழுத்து வீங்கும். நீங்க இன்ஜினியர்ட் போடுங்க. கீழ ஒட்டுப்பலகை அடுக்கு, மேல நல்ல மரத்துல ஒரு தகடு. அது அசையாது."

"நம்மட ஊருல இன்ஜினியர மாப்பிள்ளைக்குத்தான் தேடுற. பலகைக்குமா?" என்றாள் மனைவி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு மட்டும் முழு மரம், எனக்குத் தோல் மட்டும் மரமா? காக்காவும் ராத்தாவும் மக்காவுக்கு உம்ராப் பயணம் போன சமயம் பார்த்து முழுத் தேக்குப் பலகை இறக்கினேன். பலகையை இரண்டு மூன்று கிழமை வீட்டுக்குள் அடுக்கி வைத்து, வீட்டுக் காற்றுக்குப் பழக்கிவிட்டுப் பதிக்கச் சொன்னார் கடைக்காரர். அதற்குள் காக்கா வந்துவிடுவாரே! மறுநாளே சுவரோடு சுவர் ஒட்டப் பதித்து முடித்தேன்.

காக்கா திரும்பி வந்து வாசலில் நின்றார். கருவியை எடுக்கவில்லை. வெறுங்காலுடன் மெதுவாக மூலை வரைக்கும் நடந்தார்.

"முழுப்பலகையா?"

"ஓம் காக்கா."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து, கதிரையில் இருக்காமல் தரையிலேயே இருந்து தேத்தண்ணி குடித்தார். அந்த முகத்தில் தெரிந்தது பொறாமைதான் என்று கண்டுபிடித்த அன்று நான் இரண்டு தரம் சாப்பிட்டேன்.

மாரி வந்தது. ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் காலை மண்டபத்தில் 'படார்' என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், நடுத்தரையில் கடலாமை படுத்திருப்பது போல ஒரு மேடு. கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது. காக்கா கண்டுவிடக் கூடாதென்று மண்டபக் கதவைப் பூட்டினேன். அஸருக்குப் பிறகு அவர் வந்தார். என் மனைவி அழுதுகொண்டே திறந்துவிட்டாள்.

அவர் முழந்தாளிட்டு ஊசியைக் குத்தினார். வாழ்க்கையில் முதல் தரமாக எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது.

"உங்கட ஊட்டு முழுப்பலகை மட்டும் அசையாதோ?" என்று கத்தினேன்.

கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வாசற்படியோரத்துச் சட்டத்தைக் கழற்றி, பலகையின் விளிம்பைக் காட்டினார். அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது.

"எண்டதும் ஒட்டுதான் தம்பி."

"ஏன் செல்லல்ல?"

"ஆரும் கேக்கல்லயே." சட்டத்தைத் திரும்பப் பொருத்தினார். "இருவது வருசம் ஊரான்ட ஹோட்டலுக்கு முழுப்பலகை பதிச்சன். நம்மட ஊட்டுலயும் போட ஆசதான். இந்தக் காத்துக்குப் பயந்து உட்டுட்டன். நீங்க பயப்படாமப் போட்டீங்க. பொறாமையா இரிந்திச்சி. அதான் ஒவ்வொரு நாளும் வந்து அதுல இரிந்தன்."

இந்த மனிதர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்! காதால் கேட்டபோது சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் அவரே பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். முதுகில் இலக்கம் எழுதி, இடையில் குச்சிகள் வைத்து, தன் படுக்கையறையில் அடுக்கிக் காற்றாடியைப் போட்டுவிட்டார். அவரும் ராத்தாவும் குசினியில் பாய் விரித்தார்கள். என் மகளின் கலியாணம் அவர் மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா தரையைத் தடவி, "மாஷா அல்லாஹ்!" என்றார்.

"இது ஒட்டு ஹாஜியார்" என்றார் காக்கா, சபைக்கே கேட்கும்படி. "அசல் தேக்கு தம்பிட ஊட்டுத் தரை. எண்ட அறையில காயுது. எண்டத ரெண்டு தரம் சீவினா மேல் தகடு முடிஞ்சி. அத இவர்ர பேரப்புள்ளையும் சீவிப் பாவிப்பான்."

வெயில் பிறந்ததும், பலகை வீங்கவும் இடம் இருக்கட்டும் என்று சுவரோரம் விரல் அகலம் இடைவெளி விட்டு, எல்லாவற்றையும் திரும்பப் பதித்துத் தந்தார். அதற்குப் பிறகு மூன்று மாரி போய்விட்டது. ஒரு பலகையும் எழும்பவில்லை.

போன வருடம் காக்கா தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, ராத்தாவோடு நற்பிட்டிமுனையில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே பக்கத்தில் ஒருவர் புது வீடு கட்டுகிறாராம். விடிந்தால் காக்கா அங்கேதானாம். அந்த மனிதரை நான் இன்னும் கண்டதில்லை. காணாமலே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.