இரண்டு கிராம் பசை

"ஆரக்கால்" மாத இதழின் ஆசிரியர் திருமதி சோல்வெய்க் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். தாங்களும் தங்கள் இரு முழங்கால்களும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரேக் கட்டைகளைப் பற்றி நான் அனுப்பிய ஆறு பக்கக் கடிதத்தை இரண்டு வரியாக வெட்டி, பழைய கையுறை விற்பனை விளம்பரத்துக்கு அடியில் போட்டீர்கள். பேசவில்லை. நம் சைக்கிள் கழகத்தின் ஆண்டு விருந்தில் என்னைக் கதவோரம், குளிர்காற்று அடிக்கும் மேசையில் உட்கார வைத்தீர்கள். பேசவில்லை. ஆனால் மார்ச் இதழில் பல் மருத்துவர் வெண்டல் "டைட்டானியம்: ஒவ்வொரு டாலருக்கும் தகும்" என்று இரண்டு பக்கம் எழுதியதையும், அதை நம்பிய ஒருவன் என்ன ஆனான் என்பதையும் இனி மறைப்பதற்கில்லை. அந்த ஒருவன் நான்தான்.

மருத்துவருக்கு டைட்டானியத்தின் மேல் ஏன் அவ்வளவு பாசம் என்பது டுலூத் நகரில் பல் போன எல்லோருக்கும் தெரியும். என் தாடையிலேயே இரண்டு திருகாணிகளை அவர் இறக்கியிருக்கிறார். ஊரார் வாயில் அந்த உலோகத்தை முறுக்கிப் பிழைக்கிறவர் அதைப் பற்றி வேறு என்ன எழுதுவார்? இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற நான் இதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சீட் தண்டு, ஹேண்டில்பார் பிடி, பெடல் அச்சு, சீட்டை இறுக்கும் வளையம், கண்ணில் பட்ட போல்ட் அத்தனையும் டைட்டானியத்தில் வரவழைத்தேன். ஆயிரத்து நூறு டாலர். பெட்டி வந்த அன்று என் மனைவி கிறிஸ்டா அதைத் திறந்து பார்த்தாள்.

"என்னங்க இது, நகை மாதிரி பஞ்சுல வெச்சு அனுப்பியிருக்கான்?"

"போல்ட்டு."

"இதைப் போட்டா என்ன ஆகும்?"

"வண்டியில இருநூத்திப் பத்து கிராம் குறையும்."

அவள் என் தட்டைப் பார்த்தாள். "அந்த ரெண்டாவது துண்டு புளூபெரி கேக்கைக் கீழ வைங்க. அதே அளவு இப்பவே குறையும், காசும் மிச்சம்."

இதற்குப் பதில் சொல்லக்கூடிய இயற்பியல் எனக்குத் தெரியும். கேக்கைச் சாப்பிட்டு முடித்தேன்.

இங்கேதான் என் வாழ்க்கையின் பெரும்பிழை நடந்தது. போல்ட்டுகளோடு ஒரு சின்னக் குழாயில் சாம்பல் நிறப் பசையும், டைட்டானியத்தோடு டைட்டானியம் ஒட்டிக்கொள்ளும், ஆகையால் இதைத் தடவாமல் முடுக்காதீர்கள் என்ற குறிப்புச் சீட்டும் இருந்தன. தடவினேன். பிறகு, தெரியாத்தனமாக, தடவியதைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பசை மட்டும் இரண்டு கிராம்! நம் ஊரில் வெண்ணெய் முதல் பிறந்த குழந்தை வரை பவுண்டில்தான் நிறுக்கிறோம். சைக்கிளை மட்டும் கிராமில் நிறுக்கிறோம். ஆகவே அந்த இரண்டு கிராம் எனக்கு மலையாகத் தெரிந்தது. கிட்டத்தட்ட பத்து டாலர் கொடுத்துக் குறைத்த எடையை இலவசப் பசையால் திரும்ப ஏற்றுவதாவது! பழைய பனியனால் ஒவ்வொரு மரையையும் பளபளவென்று துடைத்தேன்.

சைக்கிளில் மலையேறும் கழகத்தின் வருடாந்திரத் தேர்வுக்கு முந்தின மாலை, காபிக் கடையில் வழக்கம்போல ஒவ்வொரு வண்டியையும் கொக்கியில் மாட்டி, எடையைக் கரும்பலகையில் எழுதினார்கள். எட்டு கிலோ நானூற்றுப் பத்து. எஃகு ஃபிரேம் வண்டிகளில் என்னுடையதே முதலிடம். வாழ்த்தியவர் ஒருவர்கூட இல்லை. கிறிஸ்டாவின் தம்பி ஆர்லன் மட்டும் கை தட்டினான், அதுவும் கிண்டலுக்கு. இந்த ஆர்லனைத் தங்களுக்குத் தெரியும். பதினாலு கிலோ துருவில் கூடையும் மணியும் வைத்து ஓட்டுகிறவன், மெதுவாக ஓட்டித் தின்று திரும்பும் ஞாயிற்றுக்கிழமை பான்கேக் குழுவின் தலைவன். மலையை இருபத்தெட்டு நிமிடத்தில் ஏறாதவர்கள் முதல் குழுவிலிருந்து கழிந்து அவனிடம்தான் போய்ச் சேருகிறார்கள். நான் பத்தொன்பது ஆண்டுகளாக முதல் குழுவில் இருந்தவன். அந்த இடத்தைக் காப்பாற்றத்தான் இத்தனையும்.

அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. ஆர்லன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏத்து மச்சான், காலையில நானே மலையடியில கொண்டாந்து விட்டுர்றேன். சீட்டைக் கொஞ்சம் இறக்கு, கூரையில முட்டுது." இறக்கினேன். நழுவிவிடக் கூடாதே என்று, அவன் மேல் முப்பது வருடமாகச் சேர்ந்த கோபத்தையும் கையில் திரட்டி இறுக்கினேன்.

காலையில் மலையடியில் சீட்டை உயர்த்தப் பார்த்தால் போல்ட் அசையவில்லை. ஆறுபட்டை ஆலன் கீயை இரண்டு கையாலும் திருகினேன். போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிட்டது. சீட் தண்டைக் கெஞ்சினேன், திட்டினேன், உதைத்தேன். பிறகு குழந்தை வண்டி உயரத்தில் உட்கார்ந்து புறப்பட்டேன். பாதி மலையில் பின்னால் கிணிங் கிணிங் என்று மணி. கூடையில் காபி பிளாஸ்க் ஆட, ஆர்லன் பக்கத்தில் வந்தான்.

"என்ன மச்சான், முட்டி போய்த் தாடையில இடிக்குது? டாக்டர் போட்ட பல்லு பத்திரம்!"

"போடா முன்னால."

"போனா உன்கிட்ட யார் பேசுவா? இந்தா, ஒரு வாய் காபி?"

"வேணாம்!"

"சரிப்பா, கோவிச்சுக்காத. உள்ள ஏலக்கா ரொட்டியும் இருக்கு."

ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மூச்சுகூட வாங்காமல் ரொட்டி தின்கிறவன் பக்கத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று தாங்களே சொல்லுங்கள். உச்சியில் மருத்துவர் வெண்டல் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"இருபத்தெட்டு நிமிஷம், பத்தொன்பது செகண்ட். மன்னிக்கணும் சார்."

"சீட்டு மாட்டிக்கிச்சு டாக்டர்! உங்க டைட்டானியம்!"

"பசை தடவினீங்களா?"

நான் கீழே தெரிந்த ஏரியைப் பார்த்தேன்.

"தடவலையா? ஃபிசிக்ஸ் வாத்தியார் நீங்க! அய்யய்யோ, உங்க தாடையில நான் அப்படி விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று அவர் சிரித்தார். சுற்றியிருந்த பதினாறு பேரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் மறக்கவில்லை. பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது ஞாயிறு தோறும் பான்கேக் குழுவில் ஓட்டுகிறேன். ஓட்டுகிறேன் என்பது மிகை. எட்டு மைலுக்கு மூன்று பேக்கரி. வாத்து சாலையைக் கடந்தால் நின்று அதற்குப் பெயர் வைக்கிறார்கள். போன வாரம் ஆர்லன் அந்தப் போல்ட்டைத் துளையிட்டு எடுத்துக் கொடுத்து, அதற்குப் பதிலாகத் தன் வேன் டப்பாவிலிருந்து நாற்பது சென்ட் எஃகு போல்ட் ஒன்றை மாட்டினான். கிரீஸைக் கைநிறைய அப்பினான். சீட் தேன்போல வழுக்கி ஏறியது. நான் நன்றி சொல்லவில்லை. அவன் எதிர்பார்க்கவும் இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆகவே தங்கள் வாசகர்கள் அறிய வேண்டியது இதுதான்: டைட்டானியம் காசுக்குத் தகாது. நம் ஊர்ச் சாலையில் ஐந்து மாதம் உப்புக் கொட்டுகிறார்கள், அதில் அது துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆயுள் முழுக்க உழைக்கும் என்பதும் உண்மை. ஆனால் யாருடைய ஆயுள்? எனக்கு ஐம்பத்தாறு வயது. போல்ட் என்னைவிட நீண்ட நாள் வாழும். பிறகு அது ஆர்லனுக்குத்தான் போகும். அதற்காக நான் ஆயிரத்து நூறு டாலர் கொடுக்க வேண்டுமா? இந்த உலோகம் ஒரு பகட்டு, ஏமாற்று, கர்வம் பிடித்தவர்களுக்கான தூண்டில். இளையவர்கள் ஏமாறாதிருக்கட்டும்.

தங்கள் டயரில் ஆணி ஏறாமலும், தங்கள் சங்கிலி மழையில் அறாமலும், எதிர்காற்று எப்போதும் தங்களைவிட்டு அடுத்த தெருவில் வீசவும் வாழ்த்துகிறேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. மருத்துவர் வெண்டலுக்கு வேண்டாம்.

பி.கு.: செப்டம்பரில் மறுதேர்வு உண்டு என்று இன்று காலை தெரிந்துகொண்டேன். பத்தொன்பது செகண்ட்தானே! குன்றின் பின்புறம் பட்டறை வைத்திருக்கும் ஃபிரேம்காரரிடம் மதியமே போய், முழு வண்டியையும் டைட்டானியத்தில் செய்யச் சொல்லி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு டப்பா பசையும் வாங்கினேன். என் கால் நீளத்தை அளக்கும்போது அவர் "ஆரக்கால்" இதழை ஒரு வரி விடாமல் படிப்பதாகச் சொன்னார். அவர் உலோகத்தைப் பற்றி இப்படி எழுதியவன் நான் என்று தெரிந்தால், என் பெயரை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார். அப்புறம் வண்டி அடுத்த வருடம்தான் வரும். ஆகவே மேலே எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றாமல், கையெழுத்து மட்டும் போடாமல், இதை இப்போதே தபாலில் சேர்க்கிறேன்.